தொய்வுக்காரருக்குக் காற்று ஆகாதா?

சோளகக் காற்றுக் காலத்தில் பேசாலையிலும் தலைமன்னாரிலும் மணல் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். கதவைச் சாத்தத்தான் வேண்டும். ஆனால் உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் பெரியவருக்குத் துவாய், போர்வை, மூடிய அறை என்று காற்றின் வழியையே அடைத்துவிடுகிறோம். ‘காற்றுப் பட்டால் தொய்வு கூடும்’ என்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள்.

மணலும் குசினிப் புகையும் ஆகாது, உண்மை. முகத்தில் படும் சுத்தமான காற்று அப்படியல்ல. மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் குளிர்ச்சி பட்டால் அங்குள்ள நரம்பு மூளைக்குச் சேதி சொல்லும். திணறல் உணர்வு தணியும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 50 நோயாளருக்குச் சின்ன மின்விசிறியை 5 நிமிடம் முகத்துக்கும் 5 நிமிடம் காலுக்கும் பிடித்துப் பார்த்தார்கள். முகத்தில் பட்டபோதுதான் மூச்சு இளைப்பு குறைந்தது என்று 2010இல் எழுதினார்கள்.

பனை வளர்ந்த நம் தீவில் ஓலை விசிறிக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: களைத்தவர் தானே வீசினால் இன்னும் களைப்பார். பக்கத்தில் இருப்பவர் வீச வேண்டும். தனியே இருப்பவருக்குப் பற்றரியில் ஓடும் சின்ன விசிறி நல்லது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல இடமும் வலமும் அசைத்தால் போதும்.

‘களைக்குதோ, படுங்கோ’ என்பதும் பிழைதான். மல்லாந்து படுத்தால் திணறல் கூடும். கதிரையில் இருத்தி, முன்னே சாய்ந்து முழங்கைகளைத் தொடையில் ஊன்றச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, மெழுகுதிரிச் சுடர் அணையாமல் சாய்கிற அளவுக்கு மெதுவாக ஊதவேண்டும். இழுத்ததைவிட இரட்டிப்பு நேரம் ஊதினால், சுவாசக் குழாய்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே தேங்கிய காற்று வெளியேறும்.

எனக்கு மிகவும் கவலை தருவது ‘நடக்கவே கூடாது’ என்ற நம்பிக்கை. கடலில் வலை இழுத்த கால்கள் கட்டிலிலேயே மெலிகின்றன. மெலிந்த தசைக்குச் சிறு வேலைக்கும் அதிக மூச்சு வேண்டும். களைப்பு இன்னும் கூடும். சுவாசப் புனர்வாழ்வுப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்களுக்கு இளைப்பு குறைந்து நடை கூடியிருந்தது. வைத்தியரிடம் கேட்டுத் தொடங்குங்கள். கடற்கரை மணலில் வேண்டாம், கால் புதையும். தார் றோட்டில் நடந்து, களைக்குமுன்பே நின்று, மதிலில் சாய்ந்து ஆறிவிட்டு நடக்கலாம்.

ஒட்சிசன் எல்லாருக்கும் வேண்டியதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் கடுமையாகக் குறையாத 239 பேருக்கு மூக்குக் குழாய்வழி சிலருக்கு ஒட்சிசனும் சிலருக்குச் சாதாரணக் காற்றும் கொடுத்தார்கள், ஆறுதலில் வித்தியாசமில்லை. குறைந்தவர்களுக்கு அது அவசியம். அளந்து சொல்ல வேண்டியவர் வைத்தியர்.

இவை எதுவும் உறிஞ்சு மருந்துக்கு மாற்றல்ல. உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு வலித்தால், பேச்சு வராமல் திடீரென்று மூச்சு முட்டினால், விசிறியோடு காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.