தொண்ணூறு நாள் கணக்கு
தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஜெர்மனி செல்ல வேண்டியிருந்தது. ஷெங்கன் விசா விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். இந்தக் குறுகிய கால விசாவில், எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்கள் வரையே தங்கலாம். ஜனவரி 1 இறங்கி ஏப்ரல் 1 புறப்படுவதாக எழுதினேன். கழித்துப் பார்த்தால் சரியாக 90.

அதையே ஏழாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். பெரும்பாலோர் என்னைப் போலவே கழித்தனர். ஒரு மாணவி மட்டும், “திருவிழாவுல கொடியேத்துற நாளையும் சேர்த்துத்தானே சார் பத்து நாள்?” என்றாள். விதியும் அதுதான். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். 31+28+31, மார்ச் 31 அன்றே 90 முடிந்துவிடுகிறது. லீப் ஆண்டானால் மார்ச் 30 என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். நல்லவேளை, பயணச்சீட்டு இன்னும் வாங்கவில்லை.

மீண்டும் எப்போது நுழையலாம்? நீளக் காகிதப் பட்டையில் நாள்களை வரிசையாக எழுதி, 180 கட்ட நீளமுள்ள நூலை அதன்மேல் நகர்த்தினோம். நூலின் முன்முனை ஜூன் 30-ஐத் தொட்டபோது பின்முனை ஜனவரி 2-க்கு வந்தது. ஜனவரி 1 கணக்கிலிருந்து விலகி, ஒரு நாள் காலியானது. ஜூலை 1 என்று எழுதியவர்கள் நூலை மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள்.

அன்று மாலையே விண்ணப்பத்தில் தேதியைத் திருத்தினேன்.