தவறி நிகழும் கொலையும் இரண்டு கடன்களும்

கொலை என்றதும் பகையும் ஆயுதமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எவருக்கும் தீங்கு எண்ணாத ஒருவர் கையாலும் ஓர் உயிர் போய்விடுவதுண்டு. வண்டி ஓட்டுபவர் கண்ணயர்கிறார். பாதையோரம் நடந்து போனவர் மௌத்தாகிறார். "வேண்டுமென்று செய்யவில்லையே, அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி நம்மவர் பலர் அத்துடன் விட்டுவிடுகின்றனர். ஷரீஅத் அவ்வாறு விடவில்லை.

மார்க்கச் சட்ட நூல்கள் கொலையை மூன்றாகப் பிரிக்கின்றன. கொல்லும் கருவியால் வேண்டுமென்றே கொல்வது ஒன்று. சாதாரணமாக உயிரைப் போக்காத ஒன்றால் வேண்டுமென்று அடித்து, அதனால் மரணம் நேர்வது மற்றொன்று. மூன்றாவது, தவறுதலாக நிகழ்வது. இதில் கிஸாஸ் என்னும் பழிக்குப்பழி இல்லை. ஆயினும், அன்னிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் இதற்கு இரண்டு கடமைகளை விதிக்கின்றது: மாண்டவரின் குடும்பத்தாருக்குத் தியத், அல்லாஹ்வுக்காகக் கஃப்பாரா.

அடியார்களின் கடன்

தியத் என்பது உயிருக்கான நஷ்டஈடு. ஓர் ஆணின் முழுத் தியத் 100 ஒட்டகங்கள். தவறுதலான கொலையில் இந்தச் சுமையைக் கொன்றவரின் தந்தை வழி ஆண் உறவினர் மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து செலுத்த வேண்டும். தீய எண்ணம் இல்லாத ஒருவரின் குடும்பம் அடியோடு நசிந்து போகாமலும், மாண்டவரின் குடும்பம் வெறுங்கையுடன் நிற்காமலும் காக்கும் ஏற்பாடு இது.

இந்தப் பணம் யாருக்குச் சொந்தம்? கணவரின் தியத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்றே உமர் (ரலி) அவர்கள் முதலில் கருதியிருந்தார்கள். அஷ்யம் என்பவரின் தியத்திலிருந்து அவருடைய மனைவிக்கும் பங்கு கொடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியிருந்ததை ளஹ்ஹாக் இப்னு சுஃப்யான் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். உடனே உமர் (ரலி) அவர்கள் தம் கருத்தை மாற்றிக் கொண்டார்கள். ஆகவே தியத்தும் மற்றச் சொத்தைப் போலவே வாரிசுகள் அனைவருக்கும் பங்கிடப்படும்.

வாரிசுகள் விரும்பினால் தியத்தைத் தருமமாக விட்டுக் கொடுக்கலாம். திருமறை அதை ஆர்வமூட்டுகின்றது. ஆனால், அவரவர் தம் பங்கையே விட முடியும். ஊர்ப் பெரியவர்கள் கூடி, மாண்டவரின் அண்ணனைக் கொண்டு "மன்னித்தோம்" என்று சொல்ல வைத்தால், திரைக்குப் பின்னால் இத்தாவில் இருக்கும் விதவையின் பங்கு நீங்கிவிடுமா? பருவமடையாத பிள்ளைகளின் பங்கை விட்டுக் கொடுக்க அந்த அண்ணனுக்கு என்ன உரிமை? அநாதைகளின் பொருள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும்.

அல்லாஹ்வின் கடன்

வாரிசுகள் எல்லோரும் மனமார மன்னித்த பின்னும் கஃப்பாரா நிற்கும். அது அவர்களுடைய உரிமையன்று. அவர்களால் அதை விட முடியாது. நீதிமன்றத்தில் அபராதம் கட்டினாலும், சிறைவாசம் முடித்தாலும் அது தீராது.

முஃமினான ஓர் அடிமையை விடுதலை செய்வதே முதற் கஃப்பாரா. இன்று அதற்கு வழியில்லை. எனவே, தொடர்ந்து இரண்டு மாதங்கள் நோன்பு நோற்க வேண்டும். காரணமின்றி ஒரு நாள் விட்டாலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெண்களின் மாதவிலக்கு நாட்கள் தொடரை முறிக்கா. ரமளானும் பெருநாட்களும் குறுக்கிடாதவாறு காலத்தைத் தேர்ந்து கொள்ளல் நலம்.

நம் நாட்டில் தியத்தை வசூலிக்கும் நீதிமன்றம் இல்லை. கேட்பவர் இல்லை என்பதால் கடன் இல்லாமற் போய்விடாது. விபத்துத் தீர்ப்பாயம் கொடுக்கச் செய்யும் நஷ்டஈடு தியத்தில் எவ்வாறு சேரும், மாண்டவர் மீதே பிழையிருந்தால் சட்டம் என்ன என்பனவற்றை, நடந்ததை மறைக்காமல் தகுதி வாய்ந்த ஆலிம்களிடம் கூறிக் கேட்டுத் தெளிந்து கொள்க.

நம் குடும்பங்களில் இத்தகைய சோதனை நேர்ந்தால், முதலில் மாண்டவர் வீட்டு வாசலுக்குப் போவோம். விதவையையும் பிள்ளைகளையும் கேட்காமல் எந்தச் சமரசமும் பேசாதிருப்போம். பிறகு, யாரும் கேட்காத அந்த இரண்டு மாத நோன்பை நோற்போம். வல்ல நாயன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.