எதிர்முனையில் இருப்பது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் எளிதில் பதில் சொல்லக்கூடியவை. ஒரு கேள்வி மட்டும் மனதில் மாட்டிக்கொண்டது. "எப்படியும் குறியாக்கம் நடந்துவிடுகிறது. அப்புறம் சான்றிதழில் யார் கையெழுத்துப் போட்டால் என்ன, நானே போட்டுக்கொண்டால் என்ன?" என்று கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே, தொலைவிலுள்ள கணினியோடு இணையும் பவர்ஷெல் கட்டளையில், சான்றிதழைச் சரிபார்க்காதே என்று சொல்லும் ஸ்கிப்சிஏசெக், ஸ்கிப்சிஎன்செக் இரண்டையும் சேர்த்துவிட்டு, "கனெக்ட் ஆகிவிட்டது சார்" என்று எழுந்துபோகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. நீ நின்று கேட்டாய். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குறியாக்கம் சான்றிதழின் வேலையே இல்லை. டிஎல்எஸ் பேச்சு தொடங்கும்போது இரண்டு முனைகளும் அந்த நேரத்துக்கென்று ஒரு சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. தரவை மறைப்பது அதுதான். "இந்தச் சாவியை யாரோடு சேர்ந்து உருவாக்கினாய்?" என்ற கேள்விக்கு மட்டுமே சான்றிதழ் பதில் சொல்கிறது. உன் அலுவலக வலைப்பின்னலுக்குள் புகுந்த ஒருவன் ஏஆர்பி பொய்ச் செய்திகளை அனுப்பி, கணக்குப் பிரிவுக் கணினிக்குப் போகவேண்டிய இணைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான் என்று வை. அவனும் ஒரு சுயகையொப்பச் சான்றிதழை நீட்டுவான். சரிபார்க்காதே என்று நீயே சொல்லிவைத்திருப்பதால் உன் கணினி ஏற்றுக்கொள்ளும். குறியாக்கம் குறைவில்லாமல் நடக்கும், அவனோடு. நீ பேசிக் முறையில் உள்நுழைகிறவனாக இருந்தால், நிர்வாகியின் கடவுச்சொல் அப்படியே அவன் கைக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், நம்பக் கடினமாக இருக்கும். ஒரே டொமைனுக்குள் இருக்கும் கணினிகளை முழுப் பெயர் சொல்லி அழைத்தால், 5985 போர்ட்டில் வெறும் எச்டிடிபி வழியாகப் போகும், விண்டோஸின் தொலைநிர்வாகச் சேவையான வின்ஆர்எம் கூட கெர்பராஸ் மூலம் எதிராளியை உறுதிசெய்துகொண்டு, செய்தியையும் குறியாக்கம் செய்தே அனுப்புகிறது. சரிபார்ப்பை அணைத்துவிட்டு, பேசிக் முறையில், 5986 போர்ட்டில் எச்டிடிபிஎஸ் வழியாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஐபி எண்ணைப் போட்டு அழைத்தால் பொதுவாக கெர்பராஸ் விலகி என்டிஎல்எம் வந்துவிடும். என்டிஎல்எம் எதிர்முனை யாரென்று உனக்கு உறுதி தராது. டொமைனில் சேராத மடிக்கணினிகளுக்கும் இதே கதிதான். எந்தக் கணினியையும் நம்பு என்று டிரஸ்டட்ஹோஸ்ட்ஸ் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. உனக்குச் சான்றிதழ் தேவைப்படுவது இந்த இடத்துக்காகத்தான்.

குறியாக்கம் நடந்தாலே போதும் என்ற குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், சான்றிதழ் எதற்காகப் பிறந்தது என்பதை யாரும் படிப்பதில்லை. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் பொதுச்சாவி முறையை முன்வைத்தபோது, எல்லோருடைய பொதுச்சாவிகளும் ஒரு பொதுக் கோப்பில் கிடக்கும், வேண்டியவர்கள் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினார்கள். 1978இல் எம்ஐடியில் இளநிலை படித்துக்கொண்டிருந்த லோரன் கோன்ஃபெல்டர், ஏடல்மனின் வழிகாட்டலில் எழுதிய ஆய்வேட்டில், ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் போய்க் கேட்பது நடவாது என்று கண்டார். அவர் சொன்ன வழி: பெயரையும் சாவியையும் சேர்த்து, கோப்பை வைத்திருப்பவர் ஒருமுறை கையொப்பமிட்டுக் கொடுத்துவிடட்டும், பிறகு அதை யாரும் எங்கும் எடுத்துச் செல்லலாம். அவ்வளவுதான் சான்றிதழ். இந்தத் துறையில் நான் அதிகம் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஆய்வேட்டைத்தான். நீயும் படி, கணிதம் அதிகம் இல்லை. பெயரும் சாவியும் பிணைந்திருப்பதுதான் அதன் உயிர். ஸ்கிப்சிஎன்செக் போடுகிறவன் அந்தப் பெயரைத் தூக்கி எறிகிறான். ஸ்கிப்சிஏசெக் போடுகிறவன் கையொப்பத்தை எறிகிறான். மிச்சம் என்ன இருக்கிறது, சொல்?

சரி, அந்தக் கையொப்பத்தைப் போட உனக்கென்று ஒரு சான்றளிப்பு அமைப்பை நிறுவுகிறாய். மூலச் சான்றிதழின் தனிச்சாவி டொமைனில் சேராத, வலைப்பின்னலில் இணையாத, வேலை முடிந்ததும் அணைத்து வைக்கப்படும் ஒரு கணினியில் இருக்கட்டும். அன்றாடம் சான்றிதழ் வழங்குவது அதற்குக் கீழே இன்னொரு சர்வர். சின்ன நிறுவனத்துக்கு இது அதிகமில்லையா என்று கேட்பாய். இல்லை. குரூப் பாலிசி மூலம் உன் மூலச் சான்றிதழை எல்லாக் கணினிகளின் நம்பிக்கைப் பட்டியலிலும் ஏற்றிய நொடியிலிருந்து, அதன் தனிச்சாவியை வைத்திருப்பவன் அந்தக் கணினிகளுக்கு எந்த வங்கியின் பெயரிலும் பொய்ச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கலாம்.

இது கற்பனைப் பயமில்லை. 2014 ஜூலை 2 அன்று, தங்கள் தளங்கள் சிலவற்றின் பெயரில் தாங்கள் கேட்காத சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டறிந்தது. வழங்கியது நம் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்பு அமைப்பு. அதற்கு அதிகாரம் வந்தது இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழிலிருந்து. அந்த மூலம் மைக்ரோசாஃப்ட்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால், விண்டோஸில் ஓடும் பெரும்பாலான மென்பொருள்கள் அந்தச் சான்றிதழ்களை ஏற்றிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருந்ததால் தப்பியது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். அதன் பிறகு குரோம் அந்த மூலத்தை இந்தியாவின் குறிப்பிட்ட சில டொமைன் பெயர்களுக்கு மட்டுமே செல்லும் என்று சுருக்கியது. ஓர் அரசின் சான்றளிப்பு அமைப்புக்கே அப்படி வேலி போடவேண்டியிருந்தது என்றால் உன் சர்வருக்கு ஏன் கூடாது? ஆர்எஃப்சி 5280 இதற்கென்றே பெயர்க் கட்டுப்பாடு என்றொரு நீட்சியை வைத்திருக்கிறது. வழங்கும் சர்வரின் சான்றிதழில் உன் நிறுவனத்தின் டொமைனை மட்டும் அனுமதித்து அதை எழுதிவிடு. அந்த சர்வரை ஒருவன் பிடித்தாலும் வங்கியின் பெயரில் அடிக்க முடியாது. இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். நீ விடாதே.

கணினிகளுக்கு வழங்கும் சான்றிதழின் வார்ப்புரு விஷயம் உனக்குத் தெரியும். பெயர் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து வரட்டும், முழு டிஎன்எஸ் பெயராக. தனிச்சாவியை வெளியே எடுக்க அனுமதிக்காதே. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நட்சத்திரச் சான்றிதழை பிஎஃப்எக்ஸ் கோப்பாக நகலெடுத்துப் போடலாமா என்ற உன் யோசனையைக் கைவிடு. ஒரு மடிக்கணினி திருட்டுப் போனால் அந்தத் திருடன் உன் எல்லாக் கணினிகளாகவும் வேடம் போடலாம். டொமைனில் சேராத மடிக்கணினிகளுக்குத் தானாகச் சான்றிதழ் போய்ச் சேராது. கோரிக்கைக் கோப்பை அந்தந்தக் கணினியிலேயே உருவாக்கி, கையால் வழங்கு. 5986ஐ நிர்வாகக் கணினியிலிருந்து மட்டும் ஃபயர்வாலில் திற.

இனி, பலரும் தடுக்கி விழும் இடம். வின்ஆர்எம்மின் எச்டிடிபிஎஸ் லிசனர் சான்றிதழை அதன் கைரேகை எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கிறது. சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டதும் புதியதற்கு வேறு கைரேகை. லிசனரோ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். பழையது காலாவதியாகும் நாளில் ஒவ்வொரு கணினியாக இணைப்பு அறும். அந்தப் பதற்றத்தில்தான் யாராவது ஸ்கிப் வரிகளைக் கட்டளையில் சேர்க்கிறார்கள், பிறகு எடுப்பதே இல்லை. புதிய சான்றிதழ் வந்திருக்கிறதா என்று பார்த்து லிசனரை மாற்றும் சிறு ஸ்கிரிப்டை டாஸ்க் ஷெட்யூலரில் முதல் நாளே போட்டுவை.

ரத்துப் பட்டியலின் முகவரியையும் யோசி. எல்டாப் முகவரி மட்டும் இருந்தால் டொமைனுக்கு வெளியே இருக்கும் மடிக்கணினியால் அதை எட்ட முடியாது. ஓர் எச்டிடிபி முகவரியும் சேர். அணைத்து வைத்த மூலக் கணினியின் ரத்துப் பட்டியலுக்கும் ஆயுள் உண்டு. அதைக் கையால்தான் புதிதாக வெளியிடவேண்டும். மறந்துபோனால், வழங்கும் சர்வரை அடுத்த முறை மறுதொடக்கம் செய்யும்போது சான்றளிப்புச் சேவை எழுந்திருக்க மறுக்கும். நிறுவும் அன்றைக்கே அந்தத் தேதியை உன்னுடைய நாட்காட்டியிலும், உனக்கு அடுத்து அந்த வேலையைப் பார்க்கப்போகிறவருடைய நாட்காட்டியிலும் குறித்துவிடு.

பெயர்க் கட்டுப்பாட்டை எப்படி எழுதினாய் என்பதை, சிஏபாலிசி கோப்போடு சேர்த்து, அடுத்த கடிதத்தில் அனுப்பு. கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை நான் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்