அதிகாரப் பங்கீடும் மாநிலக் கட்சிகளும்

சாலொமோன் மாண்டபின் அவன் மகன் ரெகொபெயாம் குடிகளின் நுகத்தை இலகுவாக்க மறுத்தனன்; பத்துக் கோத்திரங்கள் பிரிந்துபோயின. இவ்வேதாகமச் செய்தியைக் கற்றோர் பலர், கேட்டபொழுதே அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தால் பிரிவினை எண்ணமும் அதனை வளர்க்கும் கட்சியும் ஒருங்கே ஒடுங்கும் என்று கருதுவர். அது முற்றும் பொருந்துமா என்பதை நம் நாட்டுச் சரித்திரங் கொண்டே ஆராய்வாம்.

1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் தனித் திராவிட நாடு கோரிற்று. 1953-இல் ஆந்திரம் பிரிந்து, 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமையவே, சென்னை மாநிலம் பெரும்பாலும் தமிழ் வழங்கும் நிலமாயிற்று. இம்மாறுதலின் பயனைக் கூர்ந்து நோக்குக. டில்லியில் ஒருநாளும் பெரும்பான்மை பெற இயலாத கட்சிக்கு, தன் மொழி பேசுவோரே வாக்காளராய் அமைந்த ஒரு சட்டசபை கிட்டிற்று. 1957-இல் 15, 1962-இல் 50, 1967-இல் 137 என இடங்கள் பெருகி, அக்கழகம் அரசுகட்டில் ஏறிற்று. வாக்கு வலிமை வளரக் கொள்கையோ மென்மையுற்றது. 1962-இல் மாநிலங்களவையில் தனிநாட்டுரிமை பேசிய அண்ணாவின் கட்சி, மறு ஆண்டே அக்கோரிக்கையைக் கைவிட்டது. சீனப் படையெடுப்பும், வேட்பாளர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிகூற வேண்டுமென்ற பதினாறாந் திருத்தமும் உடனடிக் காரணங்கள் என்பது மெய்யே. ஆயினும் அச்சம் ஒன்றே காரணம் என்பார் கூற்றுக்கு யான் உடன்படேன். கோட்டை கைக்கெட்டும் அளவில் இருக்க, தேர்தலைத் துறக்க எவர் ஒருப்படுவர்? பின்னர் அக்கட்சி கேட்டது மாநில சுயாட்சி. 1969-இல் இராஜமன்னார் குழுவும், 1974-இல் சட்டசபைத் தீர்மானமும் அதன்பொருட்டே எழுந்தன.

ஸ்காத்லாந்தின் செய்தி வேறு. 1999-இல் எடின்பரோவில் தனிப் பாராளுமன்றம் அமைந்தது. அங்குள்ள தேசியக் கட்சி 2007-இல் ஆட்சியைப் பிடித்து, 2011-இல் 129 இடங்களில் 69 பெற்றது. வலிமை பெற்றும் கொள்கை தளரவில்லை. 2014-இல் பிரிவினைக்கே பொதுவாக்கெடுப்பு நடத்திற்று. நூற்றுக்கு 55 பேர் வேண்டாமென்றனர். ஆகவே, அதிகாரப் பங்கீடு இவ்விரு கட்சிகளுக்கும் வாக்கைப் பெருக்கிற்று. கொள்கையை மாற்றியது பிரிவினைக்குச் சட்டவழி திறந்திருந்ததா அடைபட்டிருந்ததா என்பதே என்று கொள்ளலாம்.

இனி, டில்லியிடம் அதிகாரங் கேட்ட கட்சிகள் தாம் பெற்றதை ஊருக்கு அளந்தனவா? தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்தைக் காண்க. 1992-இல் நிறைவேறிய 73, 74-ஆம் திருத்தங்கள் உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுதோறும் தேர்தல் விதித்தன. எனினும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், சுற்றியுள்ள சிற்றூர்கள் 2019 டிசம்பர் வரையும், காரிமங்கலம் பேரூராட்சி 2022 பிப்ரவரி வரையும் தேர்தலின்றிக் கிடந்தன. வழக்குகளும் வார்டு வரையறையும் காரணமாகக் காட்டப்பெற்றன. இடையே 2021-இல் ஆட்சி ஒரு திராவிடக் கட்சியினின்று மற்றொன்றன் கைக்கு மாறிற்று. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்கிற்கும் மக்கள் முறையிட்டது தாம் தேர்ந்த உறுப்பினரிடம் அன்று, அரசு அமர்த்திய தனி அலுவலரிடமே. சிற்றூர்களில் 2019-இல் தேர்ந்தோர் காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது. மீண்டும் தனி அலுவலரே வந்தமர்ந்தனர்.