மூட்டைத் தையலும் நூல் முனையும்

சரக்கு வந்து இறங்கும்போது நாம் எடையைப் பார்க்கிறோம், தரத்தைப் பார்க்கிறோம். மூட்டையின் வாயைப் பார்ப்பவர்கள் குறைவு. திருக்கோகர்ணத்துக் கடைகளுக்குத் திருச்சியிலிருந்து வரும் மூட்டை, சுமார் ஐம்பது கிலோமீட்டர் லாரியில் குலுங்கி வருகிறது. வழியில் வாய் பிரிந்தால், சிந்திய அரிசி யார் கணக்கு என்று மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்காரருக்கும் வாக்குவாதம். இரண்டு அங்குல நூலைச் சரியாக விடாததால் வரும் வினை இது.

கையால் தைப்பவர்கள் கோணி ஊசியில் சணலைக் கோத்ததும், சாக்கின் ஒரு மூலையைக் காது போலத் திரட்டிப் பிடித்து, அதன் கழுத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிய பிறகே தையலைத் தொடங்க வேண்டும். நூல் நுனியில் வெறும் முடிச்சுப் போட்டுத் தொடங்கினால் நிற்காது. சாக்கின் நெசவு இடைவெளி உள்ளது. முடிச்சு அதன் வழியே நழுவிவிடும். மறு மூலையிலும் ஒரு காது. அதன் கழுத்தில் சுற்றி, நூல் வளையத்துக்குள் ஊசியை இரண்டு முறை விட்டு இழுக்க வேண்டும். சணல் சொரசொரப்பானது, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் நூல் வழுக்கும். அதற்கு இன்னொரு முடிச்சும், ஓர் அங்குல வாலும் தேவை. நுனியைத் தீக்குச்சியால் உருக்கிவிடுவோரும் உண்டு. சாக்குக் குவிந்த குடோனில் அந்த வேலையே வேண்டாம்.

மெஷின் தையலின் குணம் வேறு. தையற்கடை மெஷினில் மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. ஒற்றை நூல் மூட்டை மெஷினில் பாபினே கிடையாது. ஒவ்வொரு தையலும் ஒரு வளையம். முந்தைய வளையத்துக்குள் நுழைந்து அதைப் பிடித்து நிற்கிறது. இந்த ஒற்றை நூல் சங்கிலித் தையல் மெஷின் ஒன்றுக்கு 1857ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான ஜேம்ஸ் கிப்ஸ். பாபின் மாற்ற நிற்க வேண்டாம் என்பதால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் கடைசி வளையத்தைப் பிடிக்க அடுத்த வளையம் இல்லையே! அந்த முனையை இழுத்தால் முழு வாயும் சரசரவென்று பிரிந்துவிடும். தொடங்கிய முனையை இழுத்தால் பிரியாது, இறுகும். இரட்டை நூல் தையல் இதைவிட உறுதியானது என்றாலும், அதுவும் முடித்த முனையிலிருந்து பிரியக்கூடியதே.

ஆகவே சாக்கின் விளிம்பு வந்ததும் மெஷினை நிறுத்தி நூலை ஒட்ட வெட்டக் கூடாது. விளிம்பைத் தாண்டி இரண்டு அங்குலம் ஓடவிட்டால் சங்கிலி வால் ஒன்று உண்டாகும். அதன் பிறகு வெட்டலாம். தொடங்கும் முனையிலும் அதே அளவு விடுங்கள். தூரம் போகும் சரக்கானால் முடித்த வாலில் ஒரு முடிச்சும் போட்டுவிடுவது நல்லது. கூலியாள் ஒரு நொடி கூடுதலாக நிற்பார், அவ்வளவுதான்.

பிரிப்பதிலும் இதே கணக்குத்தான். முடித்த முனையைத் தேடி வாலை வெட்டி, மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுகினால் மறு முனைக்குப் போங்கள். கத்தியால் வாயை அறுத்தால் காலிச் சாக்கின் விலை போகிறது. நூல் துணுக்குகள் அரிசியிலும் ரவையிலும் விழுகின்றன. உணவுப் பொருளில் வேற்றுப் பொருள் கலந்திருந்தால் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 54ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

துணிப்பை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்த பின் துணிப்பைகள் பெருகியுள்ளன. கைப்பிடி பிய்வது பெரும்பாலும் தையல் முடியும் இடத்தில்தான். அங்கே மூன்று நான்கு தையல் பின்னோக்கி ஓட்டியிருக்கிறதா, சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரக்கு இறங்கும்போது, தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் இன்னொரு வரிசையாகத் தெரிந்தாலோ, ஒரே சுமையில் ஒரு மூட்டைக்கு மட்டும் நூல் மாறியிருந்தாலோ, அது பிரித்துத் தைத்த மூட்டையாக இருக்கலாம். கையெழுத்துப் போடுமுன் எடை போட்டு, குறையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். லாரிக்காரரிடம் நஷ்டம் கேட்டு வழக்குப் போடுவதானால், 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.