உவமையிலிருந்து வஞ்சப்புகழ்ச்சி வரை

நம் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில் அணியிலக்கணம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். பள்ளியில் பயின்ற காலத்தில் அணிகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதில் எனக்கு இணை நானே. வஞ்சப்புகழ்ச்சிக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றவன். அந்த வஞ்சப்புகழ்ச்சியே பின்னொரு நாள் என்னைத் தலைகுனிய வைத்தது. அதனைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்குவதே முறை.

தில்லிக்கு வந்த முதலாண்டில் இரண்டு மாதம் நான் வீட்டுக்குக் கடிதம் எழுதவில்லை. தொலைபேசியிலும் ஓரிரு சொற்களோடு முடித்துக்கொள்வேன். என் தந்தையாரோ இன்றும் அஞ்சலட்டையில்தான் மனம் விட்டுப் பேசுவார். அவர் எழுதினார்: "நீ கடிதம் எழுதாதிருப்பது கண்டு மிக மகிழ்ந்தோம். ஓர் அஞ்சலட்டைக்கு அரை ரூபாயையும் வீணாக்காத பிள்ளையைப் பெற உன் அம்மா என்ன தவம் செய்தாளோ! தபால்காரர் வரும் நேரத்தில் தினமும் வாசலில் நிற்பதால் அவளுக்கு நல்ல காற்றும் கிடைக்கிறது."

நான் அதை அப்படியே நம்பினேன். "என் சிக்கனத்தைத் தாங்கள் பாராட்டியது ஊக்கம் தருகிறது" என்று மறுமொழியும் எழுதினேன்! பதில் இல்லை. மூன்று வாரம் சென்று என் தங்கை எழுதினாள்: "அண்ணா, உன் கடிதத்தை அப்பா படித்துக் காட்டினார். பாதியிலேயே அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்."

இலக்கணம் தெரிந்த எனக்கு அணி தெரியவில்லை. காரணம் எளிது. பாட நூலில் ஒவ்வொரு எடுத்துக்காட்டும் தன் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டே வந்தது. தந்தையாரின் அட்டையில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. ஆகவே பெயர்களை ஒருபுறம் வைத்துவிட்டு, இங்கே என்ன சொல்லப்படுகிறது, என்ன கருதப்படுகிறது, இரண்டுக்கும் இடையே நம்மைப் பிடித்து நிறுத்தும் சொல் எது என்று கேட்டுக் கேட்டு மறுபடியும் படித்தேன்.

முதலில் உவமை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாவது இயலே உவமவியல். ஒப்புமை பிறக்கும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்கிறார் ஆசிரியர். குழந்தை மான்குட்டி போல் துள்ளியது என்றால் வினை. மழை போல் வழங்கினான் என்றால் பயன். உடுக்கை போன்ற இடை என்றால் மெய், அதாவது வடிவு. ஜனவரி மாதத்தில் யமுனைக் கரையில் பால் போன்ற மூடுபனி என்றால் உரு, அதாவது நிறம். உவமை ஒன்றைக் கண்டால் 'போல' என்னும் உருபைத் தேடிக் கோடிடுவதோடு நின்றுவிடாதீர்கள். எதில் ஒப்பு என்று கேளுங்கள். உருபே இல்லாமலும் உவமை வரும். திருக்குறளின் முதற் குறளிலேயே உவமை ஒரு தொடர், பொருள் ஒரு தொடர். நடுவில் 'அதுபோல' என்பதை நாம்தான் வைத்துப் படிக்கிறோம். இதனை எடுத்துக்காட்டு உவமை என்பர்.

அடுத்தது உருவகம். தில்லியில் பிறந்து இந்தி வழியே பயின்ற தங்கை ஒருத்தி வகுப்பில் கேட்டாள்: "மலர்முகம், முகமலர் இரண்டும் ஒன்றுதானே?" அரிய கேள்வி. மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம். மலர் வேறு, முகம் வேறு. அது உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், வேற்றுமை மறைந்துவிட்டது. பவளவாய் உவமை, வாய்ப்பவளம் உருவகம். சொல்லை முன்பின்னாக மாற்றியதும் கருத்தே மாறுகிறது. வடமொழித் தண்டியாசிரியரும் வேற்றுமை மறைந்த உவமையே உருவகம் என்று கூறி, தோளைக் கொடியாக்கும் தொடரைக் காட்டுகிறார். அங்கும் தோள் முன், கொடி பின்.

தண்டியின் பெயர் வந்ததால் ஒரு செய்தி. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காஞ்சியில் வாழ்ந்தவர் அவர். அவருடைய காவியாதரிசத்தைத் தழுவித் தமிழில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்தது தண்டியலங்காரம். பொருளணிகள் 35 என்பது அதன் கணக்கு. பின் வந்த மாறனலங்காரம் 64 ஆக்கிற்று. எண்ணிக்கையைக் கண்டு மலைக்க வேண்டா. இந்தி மாணவர் உபமா, ரூபக், உத்பிரேட்சா, அதிசயோக்தி என்று படிப்பவை நம்முடைய உவமை, உருவகம், தற்குறிப்பேற்றம், உயர்வு நவிற்சிதாம். விடுதியில் பக்கத்து அறை நண்பரோடு இதைப் பேசிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது இனிது கழியும்.

இவற்றுள் தற்குறிப்பேற்றமும் உயர்வு நவிற்சியும் பலரைக் குழப்புகின்றன. நான் கையாளும் சோதனை இது: கவிஞர் சொல்லாவிட்டாலும் அந்நிகழ்ச்சி நிகழுமா? மதுரை மதிலின் மேல் கொடிகள் காற்றில் அசைவது இயல்பு. கோவலனை உள்ளே வரவேண்டா என்று அவை கைகாட்டித் தடுப்பதாக இளங்கோவடிகள் கூறுவது அவருடைய குறிப்பு. நிகழ்ச்சி உண்மை, காரணம் ஏற்றியது. நம் விடுதி முற்றத்து வேம்பு மார்ச்சு மாதத்தில் இலை உதிர்க்கிறது. தேர்வுக்குப் படிப்போரைக் கண்டு இரங்கி உதிர்க்கிறது என்றால் தற்குறிப்பேற்றம். ஒரே இரவில் உதிர்ந்த இலை தில்லி முழுவதையும் மூடிற்று என்றாலோ நிகழ்ச்சியே மிகைபட்டுவிட்டது. அது உயர்வு நவிற்சி.

நிற்க. என் பழைய கடனுக்கு வருகிறேன். புகழ்வது போலப் பழிப்பதையும் பழிப்பது போலப் புகழ்வதையும் தண்டியலங்காரம் இலேச அணியோடு சார்த்திச் சொல்லும். நாம் வஞ்சப்புகழ்ச்சி என்று வழங்குகிறோம். வள்ளுவர் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவருக்கு நிகராக வைக்கிறார். எத்தகைய பெருமை! ஆனால் அதற்கு அவர் கூறும் காரணம், இருவரும் தாம் விரும்பியவாறே நடப்பவர் என்பது. அக்காரணத்தைக் கேட்டதும் புகழ்ச்சி கவிழ்ந்துவிடுகிறது. ஆகவே புகழ்ச்சியைப் பார்க்காமல் அதற்குக் காட்டும் காரணத்தைப் பாருங்கள். தந்தையாரின் அட்டையில் அரை ரூபாய்ச் சிக்கனம் வெறும் புகழ்ச்சி. அம்மா வாசலில் தினமும் நிற்கிறாள் என்பதே செய்தி. நான் முன்னதைப் படித்துவிட்டுப் பின்னதைக் கடந்து போய்விட்டேன்.

மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய நீண்ட கடிதத்துக்கு வந்த விடையில் நான்கே வரிகள் இருந்தன. கடிதம் கிடைத்தது. அம்மா இரண்டு முறை படிக்கச் சொன்னாள். கொல்லை மா பூத்திருக்கிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. இதில் அணி எங்கே என்று வகுப்பில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உள்ளதை உள்ளவாறு சொல்வது தன்மை நவிற்சி. தண்டியலங்காரம் 35 அணிகளை எண்ணும்போது தன்மையைத்தான் முதலில் வைக்கிறது. எழுதிப் பார்த்தால் அருமை தெரியும். நான் பத்து வரி எழுதுவதற்குள் எங்கிருந்தோ ஒரு 'போல' வந்து நுழைந்துவிடுகிறது.

சிலேடைக்கு நேரம் போதவில்லை. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் அடக்கிய வித்தையை அடுத்த சனிக்கிழமை பார்ப்போம். வரும்போது ஒவ்வொருவரும் இருபொருள் தரும் சொல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். அகராதியில் தேட வேண்டா. வீட்டில் பேசும் பேச்சிலிருந்து எடுத்து வாருங்கள். வீடு தொலைவில் இருப்பவர்கள் அதற்காகவேனும் ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.