கொதிக்க வைத்தாலும் போகாத விஷம்



போன மாதம் பிரட்டு முடிந்த பிறகு ஒரு தாய் என்னிடம் வந்தா. அவவின் மூத்த மகள் அம்பாறை மாவட்டத்தில் நாவிதன்வெளிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவ. இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அந்த வீட்டில் புதிதாகக் குழாய்க்கிணறு அடித்திருக்கிறார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்குதாம். ஆனால் யாரோ "தண்ணியில ஆசனிக் இருந்தாலும் இருக்கும்" என்று சொல்லிப் பயம் காட்டிவிட்டார்கள். தாய் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, நல்லா கொதிக்க வச்சிக் குடிக்கச் சொல்லியிருக்கேன். அது போதுமில்ல?"

போதும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. வருஷக்கணக்காக நானே லயம் லயமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்த பாடம் அது. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்தப் பதில் சரிவராது. ஏன் என்று பார்ப்போம்.

ஆசனிக் என்றால் என்ன?

நம் பெரியவர்கள் பாஷாணம் என்று சொன்ன விஷத்தில் இருப்பது இதுதான். சில இடங்களில் நிலத்துக்கு அடியில் பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே இருக்கிறது. அங்கே ஊறும் தண்ணீரில் கரைந்து வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் இல்லை. ஒரு லீற்றர் தண்ணீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது ஆயிரம் லீற்றர் தாங்கி நூற்றில் ஒரே ஒரு கிராமைக் கலந்த அளவுதான்.

கிருமிக்கு உயிர் உண்டு, கொதித்தால் சாகும். ஆசனிக்குக்கு உயிர் இல்லை. எவ்வளவு கொதித்தாலும் அது சட்டியிலேயே கிடக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது.

வங்காளம் பட்ட பாடு

வங்காளதேசத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் செத்தார்கள். அதைத் தடுக்க 1970களில் ஊர் ஊராகக் குழாய்க்கிணறு அடித்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆசனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் மேற்கு வங்கத்தில் 1983இல் நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். வங்காளதேசக் கிணறுகளில் 1993இல் கண்டார்கள். மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது இலட்சம் பேர் வரை ஆபத்தில் இருப்பதாக 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். பிறகு கிணறு கிணறாகப் பரிசோதித்து, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள்.

இந்த விஷம் உடனே ஆளைத் தள்ளாது. ஐந்து வருஷம், பத்து வருஷம் குடித்த பிறகுதான் தோலில் கரும்புள்ளி விழும், உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப்போகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயும் வரலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் கெடுதி. இது ஒட்டும் நோய் இல்லை. ஆனாலும் தொழுநோய் என்று நினைத்து எத்தனையோ பெண்களை அங்கே ஒதுக்கி வைத்தார்கள்.

நம் நாட்டில்?

வடமத்திய மாகாண விவசாயிகளிடம் 1990களில் ஒரு சிறுநீரக நோய் தெரியவந்தது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டிய பகுதியிலும் அது உண்டு. அதற்கு ஆசனிக்தான் காரணம் என்று 2011இல் சிலர் சொன்னார்கள். பிறகு களைநாசினி, கட்மியம், கடினத் தண்ணீர், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது என்று பல காரணங்களை ஆராய்ந்தார்கள். ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. 2015இல் கிளைபோசேற் களைநாசினி தடைசெய்யப்பட்டபோது நம் மலைகளில் புல் மண்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தத் தடைக்குப் பின்னால் இருந்ததும் இந்த நோய்தான்.

ஆகவே நாவிதன்வெளித் தண்ணீர் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. பரிசோதிக்காமல் நல்லது என்றும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியவை

1. புதிதாகக் கிணறு அடித்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் சபையிடமோ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனை வேறு, ஆசனிக் பரிசோதனை வேறு. இரண்டையும் கேளுங்கள்.

2. கெட்டது என்று தெரிந்தால் குடிக்கவும் சோறு ஆக்கவும் கூடாது. சோறு அந்தத் தண்ணீரை அப்படியே உறிஞ்சிவிடும். துணி துவைக்கலாம், கை கழுவலாம்.

3. கைப்பிள்ளைக்குத் தாய்ப்பாலே கொடுங்கள். தாய் குடிக்கும் தண்ணீரில் ஆசனிக் இருந்தாலும் பாலில் வருவது மிகக் குறைவு. பால்மாவை அந்தத் தண்ணீரில் கரைத்தால் முழுவதும் பிள்ளைக்குத்தான் போகும்.

4. மருந்து வந்த காலிக் கேனில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் சரி.

5. தோட்டத்தில் பீலித் தண்ணீர் குடிக்கும் நாம் கொதிக்க வைப்பதை விட்டுவிடக் கூடாது. நமக்கு முதல் எதிரி இன்னும் கிருமிதான்.

அந்தத் தாயிடம் சொன்னேன்: "அம்மா, கொதிக்க வைக்கிறது நல்லது, விடவேணாம். ஆனா மருமகனிட்டச் சொல்லி ஒரு போத்தல் தண்ணிய முதல்ல பரிசோதனைக்குக் குடுங்க. பதில் வரும்வரைக்கும் குடிக்கவும் ஆக்கவும் மழைத்தண்ணியோ குழாய்த்தண்ணியோ எடுக்கட்டும்." அன்று பின்னேரமே மகளுக்குப் போன் போயிருக்கிறது. உங்கள் பிள்ளைகளும் வெளியூரில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.